மாமனாரின் சைக்கிள்

மதுவிலக்குப் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்ற அரங்கநாதனுக்கு, பழைய சைக்கிள்களைக் கழற்றி மாட்டிப் புதுசாக்குவதில்தான் இப்போது பொழுது போகிறது. செத்துப்போன மாமனாரின் சைக்கிளை எடுத்துத் துருவெல்லாம் தேய்த்தவர், பின்சக்கர டியூபை அறுத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மிச்சமிருந்த சாராயம் மடியில் கொட்டியது. அந்த நாற்றத்தை அவர் மூக்கு மறக்குமா?

கல்வராயன் மலையடிவாரச் சோதனைச் சாவடியில் எத்தனை பேர் டியூபைக் கிழித்தவர். மாமனார் மலையிலிருந்து வந்தால் மட்டும் கும்பிட்டு, தடுப்பைத் தானே தூக்கிவிடுவார்.

"தைலா, உங்கப்பாரு இன்னா பண்ணிக்கினு இருந்தாரு தெரியுமா?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி தைலம்மாள் நிமிரவில்லை.

"தெரியாம இன்னா? ஒங்களுக்கு என்னிக்கி டூட்டின்னு அவருக்கு யாரு சொன்னதுன்னு நெனச்சிங்க?"