மஞ்சள் கட்டைக்கு இந்தாண்ட

கடலைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. கோலார் தங்க வயலில் பிறந்தவள் நான். அங்கே பாலகாட் பகுதியில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்து, இன்றைக்கும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள். எங்கள் ஊரில் அலைபோல எழுவது காற்று மாதங்களில், தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்த சயனைட் மேட்டிலிருந்து கிளம்பும் வெள்ளைத் தூசி ஒன்றுதான். சோற்றில் விழும், துவைத்துக் காயப்போட்ட சேலையில் விழும், இருமுகிறவனின் நெஞ்சில் விழும். கேட்டால், ஆய்வு நடக்கிறது என்பார்கள். ஆய்வு என்கிற சொல்லை அந்தத் தூசியோடு சேர்த்துத்தான் முதலில் விழுங்கினேன்.

அப்படியும் கடலுக்குப் போனேன். கிழக்குக் கரையில் அரசுப் பணத்தில் ஒரு பல்கலைக்கழகம் கடலரிப்பை ஆராய்ந்துகொண்டிருந்தது. அந்தத் திட்டம் எப்படி நடந்திருக்கிறது, இன்னும் சில ஆண்டுகள் நீட்டிக்கலாமா என்று மதிப்பிட பெங்களூரிலிருந்து ஒரு குழு கிளம்பியது. குழுவில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே வாயில் வேண்டுமென்றால் எங்கள் ஊர் ரயிலில் எந்தப் பெட்டியில் தேடினாலும் கிடைக்கும். என்னைப் பிடித்தார்கள். குப்பத்தில் மொழிபெயர்க்க வேண்டும், திரும்பி வந்து அறிக்கையைச் செப்பனிட வேண்டும். வேலை சம்பந்தப்பட்ட எதையும் வெளியே பேச மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். போட்டேன்.

முதல் நாள் குளிரூட்டிய அறை. திரையில் படங்கள் ஓடின: கட்டுரைகள், பட்டங்கள், கருத்தரங்கில் பொன்னாடை போர்த்திய தோள்கள். கடைசியில் வழவழவென்று ஒரு கையேடு, முழுக்க ஆங்கிலத்தில். குழுவின் படிவத்தில் ‘மக்களுக்குத் தகவல் தெரிவித்தல்’ என்று ஒரு கட்டம் இருந்தது. கையேட்டைப் புரட்டினார்கள், தலையாட்டினார்கள், அந்தக் கட்டத்துக்கு முழு மதிப்பெண் போட்டார்கள். மக்கள் இருக்கும் குப்பத்துக்கு நாங்கள் இன்னும் போகவே இல்லை.

மறுநாள் போனோம். மீன் விற்கிற ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், அன்னக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து பேசினாள்.

“மஞ்ச பெயின்ட் அடிச்ச கட்டைய வரிசையா நட்டுட்டுப் போனாங்க. இன்னாத்துக்குன்னு சொல்லல. கவர்மென்ட்டு நட்டது, கடலு இதோட நிக்கும்னு அளந்து நட்டுகிறாங்கன்னு நாங்களே நெனச்சுக்கினோம். எங்க வூட்டுக்காரரு கேட்டாரு, ‘ஏன்டி, கடலு இன்னா கவர்மென்ட்டு ஆபீசரா, கட்டையப் பாத்துட்டு திரும்பிப் போறதுக்கு’ன்னு. படிச்சவங்க நட்டது, உனக்கு இன்னா தெரியும்னு நாந்தான் வாய அடச்சேன். கட்டைக்கு இந்தாண்ட அடுப்படி கட்டுனேன். கடலு வந்துச்சு. கட்டையும் போச்சு, அடுப்படியும் போச்சு.”

கரை எவ்வளவு பின்வாங்குகிறது என்று அளப்பதற்காக நட்ட கட்டைகள் அவை. கடல் கொண்டுபோனால் அதுவும் ஓர் அளவு. பல்கலைக்கழகத்தின் அறிக்கையில் ஒரு வரி இருந்தது: சில அளவுக் கட்டைகள் இழக்கப்பட்டன, மாற்றுக் கட்டைகள் உட்புறம் நடப்பட்டன. அடுப்படியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அடுப்படி அளவுக் கருவி ஆகாதே.

“இப்ப புதுசா நட்டுகிறாங்க பாரு,” என்று கையை நீட்டினாள். புதிய மஞ்சள் வரிசைக்கு நாலடி பின்னால் அவள் இறக்கிவைத்த செங்கல் அடுக்கு. “இதுக்கு இந்தாண்ட கடலு வருமா, வராதா? அத்த மட்டும் கேட்டு சொல்லு மேடம்.”

நான் குழுத் தலைவர் பக்கம் திரும்பினேன். ஆங்கிலத்தில் நான் சொன்னது இவ்வளவுதான்: “கூடுதல் தகவல் வேண்டும் என்கிறார்.”

யாரும் சொல்லச் சொல்லவில்லை. நானேதான் சொன்னேன். ஆண்டுக்கணக்காக அறிக்கைகளைச் செப்பனிட்டுச் செப்பனிட்டு என் நாக்கே ஒரு கோப்பு ஆகிவிட்டிருந்தது. உள்ளே போகிற எதுவும் சூடு ஆறித்தான் வெளியே வரும். பக்கத்தில் நின்ற ஆய்வாளர், தரவு சரிபார்ப்பில் இருக்கிறது, கட்டுரை வெளியாகும்வரை எதுவும் சொல்வதற்கில்லை என்றார். அவளிடம் திரும்பி, “சொல்லுவாங்களாம்” என்றேன்.

“எப்போ? இந்தக் கட்டையும் போனப்புறமா?” என்றாள். என் பேனாவை வாங்கி, என் நோட்டில் தன் போன் நம்பரை எழுதினாள். அதற்குள் குழு வண்டியில் ஏறிவிட்டது.

ஊர் திரும்பிக் குழுவின் அறிக்கையைச் செப்பனிட்டபோதுதான், பல்கலைக்கழக அறிக்கையின் பின்னிணைப்பில் கடைசிப் பக்கத்தில் அந்த வரைபடம் கண்ணில் பட்டது. கடல் எதுவரை வரும் என்பதைக் காட்டும் சிவப்புக் கோடு. புதிய கட்டைகளைத் தாண்டி, செங்கல் அடுக்கைத் தாண்டி, வீடுகளின் கடைசி வரிசைக்கும் பின்னால் அது ஓடியது. நாங்கள் போவதற்கு வெகு முன்பே வரைந்தது. நல்ல ஆய்வு, அதை மறுக்கவில்லை. உப்புக்காற்றில் நின்று உழைத்திருக்கிறார்கள், சரியான பதிலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கண்டுபிடித்ததைக் கேள்வி கேட்டவளுக்கு எட்டாத பக்கத்தில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பொய்யான ஆய்வாக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

எழுதினேன். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே குழுவின் அறிக்கையில் போட்டேன். ‘முடிவுகள் குப்பத்து மக்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை’ என்று சேர்த்து அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து, ரயில் பங்காருபேட்டையைத் தாண்டும்போது தலைவர் அழைத்தார். கோபமே இல்லாத குரல், இளநீர் மாதிரி.

“ஸ்வல்ப சாஃப்ட் மாடி மேடம்.”

கொஞ்சம் மென்மையாக்க வேண்டுமாம். ‘தெரிவிக்கப்படவில்லை’ என்பதை எடுத்துவிட்டு ‘தெரிவிக்கும் முறையை மேலும் மேம்படுத்தலாம்’ என்று போட வேண்டுமாம். ஒரு வாக்கியத்தால் நல்ல திட்டம் நின்றுவிடக் கூடாதாம். பார்க்கிறேன் என்று வைத்தேன்.

எதிர் இருக்கையில் எங்கள் லைன் அண்ணன் ஒருவர். சுரங்கம் மூடும்வரை கீழே இறங்கிய ஆள், இப்போது பெங்களூரில் ஓர் அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டி.

“இன்னாம்மா, காலங்காத்தால ஸ்வல்பா ஸ்வல்பான்னு?”

முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“ஷிப்ட்டு முடிஞ்சா நாங்க நேரா கேஜ்ல ஏறி மேல வந்துட மாட்டோம். அடுத்த ஷிப்ட்டு ஆளு வரணும். மேல எந்தக் கல்லு லூசா கீது, எங்க தட்னா பொத்துன்னு சத்தம் வருதுன்னு அவன்கிட்ட சொல்லணும். அவன் அத்த தன் வாயால திருப்பி சொல்லணும். அதுக்கப்புறந்தான் கேஜு. ரிஜிஸ்டர்ல எழுதிட்டேன்னு எவனாவது சொன்னா, ரிஜிஸ்டரு தலைல கல்லு வுழாதுடான்னு திட்டுவோம்.” பிறகு என்னைப் பார்த்தார். “சரி, நீ சொன்னியா?”

“அறிக்கையில அப்படியே எழுதிட்டேண்ணா.”

“அந்தம்மாவுக்கு சொன்னியா?”

பையைத் திறந்தேன். ஒரு வாரமாக அந்த வரைபடம் என் பையில் கிடந்தது. ஒரு வாரமாக நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன், ரொம்ப நன்றாக, ரொம்ப அழகான வாக்கியங்களில். அவள் நம்பர் அதே பையில், அதே நோட்டில்.

ரயிலிலேயே அழைத்தேன். மறுமுனையில் மீன் ஏலம் கத்திக்கொண்டிருந்தது. யார் என்று சொன்னேன்.

“ஆங், ‘சொல்லுவாங்க’ மேடமா? சொல்லு.”

சொன்னேன். கையெழுத்துப் போட்ட தாள் ஞாபகம் வந்தது, வந்துவிட்டுப் போனது. இந்தக் கட்டையும் நிற்காது என்றேன். கோடு எங்கே ஓடுகிறது என்று அடையாளம் சொன்னேன். எந்த மாசம் என்று அவர்களுக்கும் தெரியாது, வருவது மட்டும் தெரியும் என்றேன். பிறகு, “ஒருவாட்டி திருப்பிச் சொல்லுங்க” என்றேன்.

“இன்னாத்துக்கு? நான் இன்னா இஸ்கூல் புள்ளயா?”

“நான் சரியா சொன்னேனான்னு எனக்குத் தெரியணும்.”

ஏலத்தை விட்டு விலகி நடந்தாள் போல, இரைச்சல் குறைந்தது.

“கட்டைக்கு இந்தாண்டயும் கடலு வரும். செங்கல்லு வரைக்கும் வரும். என் வூட்டுக்குப் பின்னாடி வரைக்கும் வரும். போதுமா?”

“போதும்.”

“இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“ஒரு வாரமா.”

“அவங்களுக்கு?”

“நாங்க அங்க வர்றதுக்கு முன்னாடியே.”

“முந்தாநேத்து செவுரு எழுப்பிட்டேன். ஷீட்டு போட இன்னிக்கு மேஸ்திரி வர்றான். மொதல்ல அவன நிறுத்தணும். போன வெய்யி.”

வைத்துவிட்டாள். முந்தாநாள் எழும்பிய சுவர். நான் வாக்கியம் செதுக்கிக்கொண்டிருந்த வாரத்தில், ஒவ்வொரு செங்கல்லாக எழும்பிய சுவர்.

தலைவர் மறுபடி அழைத்தார். எடுத்து, ‘தெரிவிக்கப்படவில்லை’ அப்படியே இருக்கட்டும், வேண்டுமானால் அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கிறேன் என்றேன். என்ன வரி என்றார்.

“மொழிபெயர்ப்பாளரும் ஒரு வாரம் தெரிவிக்கவில்லை.”