ஸ்கார்லியாவுக்கு இரண்டு நாள்

யதுர்ஷாவுக்குக் கால் முறிந்துவிட்டதாம். பேர்கனில் லொறி ஓடுகிற ஒரு தமிழ்ப் பெடியன் மலைக்கடை ஒன்றில் கோப்பி குடிக்க நின்றபோது கேள்விப்பட்டதை உதயகுமாரியின் தங்கை புருசனுக்குச் சொல்ல, அவர் தங்கைக்குச் சொல்ல, தங்கை அக்காவுக்கு ஃபோன் எடுக்க, கடைசியில் அந்தச் செய்தி ஒஸ்லோவின் ட்வெய்ட்டா அங்காடியில் உருளைக்கிழங்குப் பெட்டிக்கு முன்னால் வைத்து யோகராணியின் காதில் விழுந்தது.

"ஆடு இடிச்சு விழுத்தினதாம் யோகாக்கா. ஐஸிலை சறுக்கினதெண்டும் ஒரு கதை. எனக்கு வடிவாத் தெரியாது. தாய்க்குத் தெரியாமலோ எண்டுதான் உங்களைக் கேட்டனான்," என்றாள் உதயகுமாரி.

கடைசி வசனம் ஊசி மாதிரி ஏறியது.

"ஓமோம், தெரியும். வெள்ளிக்கிழமை பாக்கப் போறன்," என்றாள் யோகராணி.

வாய் சொல்லிவிட்டது. மகளோடு கதைத்தே எட்டு மாதம். அவள் இருக்கிற ஸ்கார்லியா என்ற மலைக்கிராமம் வரைபடத்தில் எங்கே என்றுகூட யோகராணி தேடிப் பார்த்ததில்லை. உருளைக்கிழங்கை எடுக்காமலே வீட்டுக்கு நடந்தாள்.

யோகராணிக்கு வயது ஐம்பத்தாறு. இருபத்திநாலு வயதில் நோர்வே வந்தவள். இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரிக் குசினி ஒன்றில் வேலை. புருசன் ரவீந்திரன் மாரடைப்பில் போன பிறகு, நாற்பத்தொன்பதாவது வயதில் மூன்று தரம் ஃபெயிலாகி நாலாம் தரம் லைசென்ஸ் எடுத்தவள். அந்த லைசென்ஸோடு அவள் ஓடிய ஆகக் கூடிய தூரம் விமான நிலையம். அதுவும் கோடையில். சுரங்கப்பாதைக்குள் போனால் இப்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுவாள்.

யதுர்ஷா படித்தது கட்டிடப் பொறியியல். ஒஸ்லோவிலேயே நல்ல வேலை. அதை விட்டுவிட்டு, கூடப் படித்த ஒருத்தியோடு சேர்ந்து மலையில் ஆட்டுப் பண்ணை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தாள். போன ஆனியில், ரொம்சோஸ் மண்டபத்தில் நடந்த ஒரு சாமத்தியச் சடங்குக்கு வந்தபோது, தன் பண்ணையில் காய்ச்சிய முதல் பிரவுண் சீஸ் கட்டியைத் தாய்க்கென்று துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். மேசையில் யாரோ, "மகள் இப்ப எங்கை வேலை?" என்று கேட்டார்கள். யோகராணி சிரித்துக்கொண்டு சொன்னாள்: "ஆடு மேய்க்கிறதுக்கெண்டே கடல் கடந்து வந்து ஒண்டைப் பெத்து வைச்சிருக்கிறன்." மேசை முழுக்கச் சிரித்தது. யதுர்ஷா கதிரைக்குப் பின்னால் நின்றாள். சீஸை மேசையில் வைத்தாள், போய்விட்டாள்.

அந்தக் கட்டி இன்னும் ஃப்ரீசரில் இருந்தது. சுற்றிய துணியும் அவிழ்க்கப்படவில்லை.

செவ்வாய் இரவு மகன் அபிலாஷ் வேலையால் வந்தபோது, தாய் தினக்கலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் இருபத்தாறு வயது எலெக்ட்ரீசியன். தாயோடுதான் இருக்கிறான்.

"அக்காவைக் கேட்டனியோ?" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

"கேட்டனான். கட்டைவிரல் தூக்கின படம் ஒண்டு அனுப்பினவ. நல்லா இருந்தாலும் அதுதான் அனுப்புவா, விழுந்து கிடந்தாலும் அதுதான்." அவன் பட்டியலை எட்டிப் பார்த்தான். "அம்மா, போறதெண்டால் முதல் ஒரு மெல்டிங் அனுப்புங்கோ, வாறன் எண்டு. சொல்லாமல் கொள்ளாமல் போய் நிக்கிறதோ?"

"என்ர பிள்ளையின்ர வீட்டுக்குப் போக எனக்கு அப்பொயின்ட்மென்ட் வேணுமோ?"

"அவ வேண்டாம் எண்டால்?"

"அதுதான் கேக்கேல்லை. கேட்டால் வேண்டாம் எண்டுவாள். பேந்து நான் எப்பிடிப் போறது?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "ஞாயிறு மட்டும் பொறுங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்."

"வேண்டாம். சொன்னது என்ர வாய். போறதும் நான்தான்."

அடுத்த நாள் குசினியில் வெள்ளி, சனி இரண்டு நாள் லீவு கேட்டாள். மலைக்குப் போகிறேன் என்றதும் மேலதிகாரி சோஃபிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. இருபத்திரண்டு வருடத்தில் யோகராணி ஒரு குளிர்கால விடுமுறைக்கும் மலைப்பக்கம் போனதில்லை. இப்போதுதான் இவள் சரியான நோர்வேக்காரி ஆகிறாள் என்று சோஃபி நினைத்துவிட்டாள். மதியத்துக்குள் தன் காரிலிருந்து ஒரு பனிச் சவளும், கம்பளி உள்ளுடுப்பும், ஒரு பை தோடம்பழமும் கொண்டுவந்து தந்தாள். காற்று கடுமையானால் கணவாயில் தடைக்கம்பத்தை இறக்கிவிடுவார்கள், பிறகு குறித்த நேரத்துக்குப் பனிவண்டி முன்னால் போக எல்லாக் கார்களும் அதன் பின்னால் வரிசையாகப் போகவேணும், அதற்குப் பெயர் கொலொன என்றும் விளங்கப்படுத்தினாள். "முன்னால் போகிற காரின் சிவப்பு வெளிச்சத்தை மட்டும் பார். வேறொன்றையும் பாராதே," என்றாள். யோகராணி அதையும் பட்டியலில் எழுதினாள்.

வெள்ளிக்கிழமைக்குக் காற்று எச்சரிக்கை வந்தது. கொலொன காலை பத்தரைக்கு. அதற்குப் பிறகு பாதை முழுவதும் பூட்டப்படலாம் என்றும் போட்டிருந்தார்கள்.

உதயகுமாரி ஃபோனில் பதறினாள். "வெள்ளி பத்தரை தொடக்கம் பன்ரண்டு மட்டும் ராகு காலம் அக்கா! தெரிஞ்சுகொண்டு போவியளோ?"

யோகராணிக்கும் அது தெரியாமலில்லை. கலண்டரில் வெள்ளிக்கிழமைத் தாளைப் புரட்டிப் பார்த்தாள். பத்தரை என்றுதான் அச்சடித்திருந்தது. ராகு காலத்தில் அவள் ஒரு நாளும் புதுத் தலையணை உறைகூடப் போட்டதில்லை.

"வீட்டாலை வெளிக்கிடுற நேரம்தானே கணக்கு," என்றாள் கடைசியில். "நான் விடிய ஐஞ்சரைக்கு வெளிக்கிடுறன். பத்தரைக்கு நான் ஒண்டும் தொடங்கேல்லை, போய்க்கொண்டுதானே இருக்கிறன்."

"இந்தக் கணக்கை எந்த ஐயர் போட்டுத் தந்தவர்?"

"நானே போட்டனான். வை ஃபோனை."

வியாழன் பின்னேரம் க்ரோன்லான்ட் இறைச்சிக் கடையில் எட்டு ஆட்டுக்கால் வாங்கினாள். முறிந்த எலும்பு பொருந்த ஆட்டுக்கால் சூப்பை விட என்ன இருக்கிறது? மிளகு, சீரகம், மல்லி, உள்ளி எல்லாம் இடித்துப் போட்டு நாலு மணித்தியாலம் அவியவிட்டாள். கதவைத் திறந்து உள்ளே வந்த அபிலாஷ் மணத்தைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்கு வந்தான். மூடியைத் தூக்கிப் பார்த்தான். அப்படியே நின்றான்.

"அம்மா."

"என்ன?"

"அவ ஆடு வளக்கிறா. ஒவ்வொண்டுக்கும் பெயர் வைச்சிருக்கிறா. நீங்கள் எட்டுக் காலை அவிச்சுக் கொண்டு போறியள்."

யோகராணி அகப்பையோடு திகைத்துப்போனாள். இது மட்டும் அவளுக்கு மூளையில் ஓடவேயில்லை. எட்டு மாதத்துக்கு முன் மண்டபத்தில் சிரித்த அதே மேசை மறுபடி கண்ணுக்கு முன்னால் வந்தது. இந்தப் பானையைத் திறந்ததும் மகள் என்ன நினைப்பாள்? அம்மா நக்கலடிக்க வந்திருக்கிறா என்றுதானே?

பிறகு அடுப்பை நிற்பாட்டினாள்.

"இந்தச் சூப் உனக்கு மூண்டு நாளைக்குச் சோத்தோடை காணும்," என்றாள். பெரிய பானை இன்னொன்றை இறக்கி, முருங்கையிலைப் பைக்கற்றையும் ராசவள்ளிக்கிழங்கையும் ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்தாள். எடுக்கும்போது அந்தத் துணிச்சுற்று கையில் தட்டுப்பட்டது. அதையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

விடிய நாலரைக்கு எழும்பி, துணியை அவிழ்த்து, இளகியிருந்த கட்டியில் மெல்லியதாக ஒரு துண்டு வெட்டிப் பாணில் வைத்து நின்றபடியே சாப்பிட்டாள். இனிப்பு, உப்பு, பின்னால் ஒரு கருகல் வாசம். பால் கொஞ்சம் கூட நேரம் காய்ந்துவிட்டது. முதல் தரம் அப்படித்தான் வரும். இரண்டாவது துண்டும் வெட்டினாள்.

ஐந்தரைக்குக் கார் வெளிக்கிட்டது. கூழ் மாதிரித் தடிப்பான ராசவள்ளிக் கஞ்சியும் முருங்கையிலை ரசமும் இரண்டு பானையில், முன் சீற்றில், பெல்ட் போட்டு இருந்தன. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எண்ணினாள். பதினாலாவதோடு எண்ணுவதை விட்டாள்.

பத்தேகாலுக்குத் தடைக்கம்பத்துக்கு முன்னால் வரிசையில் ஒன்பதாவது காராக நின்றாள். வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. காரை ஆட்டுகிற காற்று. மஞ்சள் அங்கி போட்ட ஒரு மனுசன் கார் காராக வந்து கண்ணாடியைத் தட்டினான். பெட்ரோல் நிரம்ப இருக்கிறதா? இருக்கிறது. உடுப்பு? கம்பளி. சவள்? பின்னால். அவன் பானைகளைப் பார்த்தான், பெல்ட்டைப் பார்த்தான், தலையை ஆட்டினான்.

"அந்தப் பக்கம் யாராவது உங்களை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறார்களா?"

"என் மகள்," என்றாள் யோகராணி.

மறுபடியும் வாய் முந்திவிட்டது. அவன் எழுதிக்கொண்டு அடுத்த காருக்குப் போனான்.

இந்த முறை அந்தப் பொய்யோடு மேலே ஏற அவளுக்கு மனம் வரவில்லை. அந்த மனுசன் ஒரு தாளில் எழுதிவிட்டான். பனிக்குள் ஏதாவது நடந்தால் மகள் எதிர்பார்க்கிறாள் என்று யாராவது யதுர்ஷாவுக்கு ஃபோன் எடுப்பார்கள். தான் யாரையும் எதிர்பார்க்கவில்லை என்பாள் அவள். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஃபோனை எடுத்தாள். எட்டு மாதமாகத் தொடாத பெயர். இரண்டு தரம் அழுத்தவேண்டியிருந்தது. ஃபோனைக் காரின் ஸ்பீக்கரில் போட்டாள்.

மறுமுனையில் மணி போனது.

வேண்டாம் என்று சொன்னால்? சொல்லட்டும். பின்னால் பதினைந்து கார் நிற்கிறது, இதில் திரும்ப இடமில்லை. "சீஸ் நல்லாயிருந்தது பிள்ளை, இரண்டு துண்டு சாப்பிட்டனான், பாலைக் கொஞ்சம் முந்தி இறக்கு." இதைத்தான் முதல் சொல்லவேண்டும். கால் எப்படி என்று பிறகு கேட்கலாம்.

கம்பம் மேலே போனது. பனிவண்டியின் மஞ்சள் விளக்கு சுழன்று வெள்ளைக்குள் நுழைந்தது. முன் கார் அசைந்தது. மணிக்கூட்டில் பத்தரை. யோகராணி கியரைப் போட்டு, முன்னால் போகிற சிவப்பு வெளிச்சத்தில் கண்ணை நட்டாள். கார் முழுக்க ஃபோன் மணி போய்க்கொண்டே இருந்தது.