ரோஸ்லின் பிரேக் பிடித்த விதம்

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அலுவலக நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், நம்ம ரோஸ்லின் போயிட்டாங்க. குஷாய்குடா சிக்னல்ல ஆக்ஸிடென்ட். ரேஸ் ஓட்டறவங்கதானே, வேகமா போயிருப்பாங்க." இறந்த செய்தியும் பழியும் ஒரே மூச்சில் வந்து சேர்ந்தன. நான் அழவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. அது இன்னும் தணியவில்லை. தணியட்டும் என்று காத்திருக்கவும் எனக்கு விருப்பமில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரோஸ்லின் அவர்கள் போலாரத்தில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்காக இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்த தமிழ்க் குடும்பம். எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றினார். என்னைவிட எட்டு வயது சின்னவர், என் குழுவில் இருந்தவர். ஆனாலும் எனக்கு அவர் 'அவர்'தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குக் காரணம் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஊருக்கு வெளியே பயன்படாமல் கிடந்த பழைய விமான ஓடுதளம் ஒன்றைக் கார்ப் பிரியர்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிறு வாடகைக்கு எடுப்பார்கள். அங்கே தம் சின்னஞ்சிறு காரை ஓட்டுவார். ஒவ்வொருவராகத் தனியே சுற்றிவிட்டு வருவதுதான் அது. யாரும் யாரையும் முந்துவதில்லை. ஊர் அதற்கு வைத்த பெயர் ரேஸ்.

ஐ.டி. சம்பளம் எகிறிக்கொண்டிருந்த நாட்கள். ஆளாளுக்குப் புதுக் கார் வாங்கினோம். நானும் ஒரு ஞாயிறு என் காரை ஓடுதளத்துக்குக் கொண்டுபோனேன். ஆறாவது சுற்றில் பிரேக் தீய்ந்து நாற்றமடித்தது, மிதித்தால் பிடிக்கவில்லை. சக்கரத்தின் இரும்புத் தட்டை இறுக்கிப் பிடித்து நிறுத்துகிற பிரேக் பேட், அந்தச் சூட்டைத் தாங்கவில்லை. வேறு பேட் வாங்க வேண்டும்.

எங்கள் கூட்டம் எதையும் எப்படி வாங்குமோ அப்படியே வாங்கினேன். எக்ஸெல் தாளில் பதினெட்டு பேட்களின் பெயரை எழுதி, எது எத்தனை டிகிரி தாங்கும் என்று வரிசைப்படுத்தி, உச்சியில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். எண்ணூறு டிகிரி. எண் பெரிதாக இருந்தால் சரக்கு நல்லது என்று நம்பியே பிழைப்பு நடத்துகிறவர்கள் நாங்கள். பெருமையோடு ரோஸ்லினிடம் காட்டினேன்.

அவர் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "பாப்பாவ காலைல ஸ்கூல்ல விடறப்போ இது எத்தன டிகிரில இருக்கும் சார்?" என்றார்.

அப்படியொரு கட்டமே என் தாளில் இல்லை.

"நக்கோ சார், இது வேணாம். இது நல்லா சூடேறினாத்தான் பிடிக்கும். நம்ம வண்டி ஆறு ரவுண்டு சுத்தினாலும் அவ்வளவு சூட்டுக்குப் போகாது. நடுவுல ஒண்ணு இருக்கு பாருங்க, சூடேறாமலேயும் பிடிக்கும், சூட்டையும் கொஞ்சம் தாங்கும். அத எடுங்க."

கேட்டேனா? மேலாளர் அல்லவா, கேட்பேனா. எண்ணூறு டிகிரியையே மாட்டினேன்.

மறுநாள் டிசம்பர் குளிரில் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். முதல் திருப்பத்தில் பிரேக்கை மிதித்தேன். கார் தன்பாட்டுக்குப் போனது. இரண்டு காலாலும் மிதித்து, ஒரு கொய்யாப்பழ வண்டிக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் நின்றேன். தமிழ் புரிந்தும் தெலுங்கிலேயே பதில் சொல்லும் என் மகள், "ஏமைந்தி நானா?" என்று கேட்டாள். என்ன ஆயிற்று அப்பா என்கிறாள். அவளை இறக்கி ஓரமாக நிறுத்தினேன்.

ரோஸ்லினுக்குப் போன் செய்தேன். "வண்டிய ஓரமா விடுங்க, சாவிய கையில வச்சுக்கோங்க, நான் வரேன்" என்றார். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, வழியில் அந்த 'நடுவில் உள்ள' பேட்களை வாங்கிக்கொண்டு வந்தார். தெருவோரம் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து மாற்றினார். 'அப்போதே சொன்னேனே' என்று சொல்வார், சொல்வார் என்று காத்திருந்தேன். ஹூம், சொல்லவே இல்லை. "பாப்பா பயந்துட்டாளா?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஆளில்லாத சாலையில் என்னை ஓட்டச் சொல்லி, வேகம் அறுபதில் இருந்து பத்துக்கு, அறுபதில் இருந்து பத்துக்கு என்று பத்து முறை பிரேக் பிடிக்க வைத்தார். "புது பேட் தட்டோட பழகணும் சார். அதுக்கப்புறம்தான் அத நம்பணும்."

அவரிடம் இரண்டு ஜோடி பேட் உண்டு. ஓடுதளத்துக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று, இரும்புத் தட்டுகள் உட்பட. ஞாயிறு மாலை எல்லோரும் கிளம்பிப் போன பிறகும், சக்கரம் ஆறும்வரை காத்திருந்து, கழற்றி மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் புறப்படுவார். ஒன்றரை மணி நேர வேலை. இளவட்டங்கள் கேலி செய்வார்கள். "ஆன்ட்டி, அப்படியே ஓட்டிட்டுப் போங்க, ஒண்ணும் ஆகாது."

"இங்க வந்தவங்க எல்லாம் பேர் குடுத்துட்டு வந்திருக்கோம் தம்பி. ரோட்டுல என் முன்னால போறவங்க யாரும் எனக்குப் பேர் குடுக்கல" என்பார் ரோஸ்லின், ஜாக்கியைச் சுற்றிக்கொண்டே.

இந்தப் பெண்மணியைத்தான் வேகத்தால் செத்தார் என்கிறார்கள். நரம்பில்லாத நாக்கு, என்ன வேண்டுமானாலும் பேசும். அலுவலக அஞ்சலி மடலில்கூட 'சாகச விரும்பி' என்று எழுதினார்கள்.

ஞாயிறு காலை குஷாய்குடா சிக்னலுக்குப் போனேன். மூலையில் டீக்கடை வைத்திருக்கும் யாதகிரி எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர். மல்லாபூர்ப் பக்கம் போக, ரோஸ்லினின் கார் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டுக்கு உள்ளேயே நின்றதாம். பின்னால் வந்த தண்ணீர் லாரிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. "அந்தம்மா ஒரு இஞ்சுகூட அசையல சார், நின்னுட்டிருந்தாங்க" என்றார் யாதகிரி. அவரிடம் மூன்று தடவை திரும்பத் திரும்பக் கேட்டேன்.

திங்களன்று போலாரம் தேவாலயத்தில் அடக்க ஆராதனை. முன் வரிசையில் அவருடைய தாயார் ஞானம்மாள் உட்கார்ந்திருந்தார். போதகர் நல்ல மனிதர்தான், கேள்விப்பட்டதை நம்பிவிட்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வேகத்தைப் பற்றி, பொறுமையின் அவசியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த அம்மாளின் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது. மகள் செய்த தப்புக்குத் தாயார் வெட்கப்படுவதுபோல் இருந்தது அது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

எழுந்து நின்றேன். நான் கிறிஸ்தவனும் இல்லை, அங்கே யாருக்கும் என்னைத் தெரியவும் தெரியாது.

"மன்னிக்கணும் ஐயா. அவங்க வேகமா போகல. கார் நின்னுட்டிருந்தது. சிக்னல்ல, கோட்டுக்குள்ள. லாரிதான் வந்து இடிச்சது. நேர்ல பார்த்தவர்கிட்ட கேட்டுட்டு வந்திருக்கேன்."

யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். நான் உட்காரவில்லை. போதகர் பேச்சை நிறுத்திவிட்டார். ஞானம்மாள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க தம்பி. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

சொன்னேன். கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னேன். அந்த அம்மாள் தலை நிமிர்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பெட்டியை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தார். அடக்கம் முடியும்வரை அவர் தலை தாழவே இல்லை.

போய் வாருங்கள், ரோஸ்லின். இங்கே எவர் வாய் திறந்து உங்கள் வேகத்தைப் பற்றிப் பேசினாலும் நான் இருக்கிறேன். நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள்.