நாலு எண்ணும் வரை

சமூகப்பணி படித்து முடித்த சூட்டோடு, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களுக்கு மனவலிமை ஊட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. ராமநாதபுரத்தில் மூன்று நாள் பயிற்சி, எட்டுப் பெண்கள், அறுபத்தேழு ஸ்லைடு. அப்போதிருந்த வேகத்துக்கு, நோயே வராதவர்களையும் பிடித்து உட்காரவைத்து ஊட்டியிருப்பேன்.

பின்வரிசையில் பாம்பன் அக்கா ஒருவர். கடலில் முங்கிப் பாசி எடுப்பவர். அறுவை நடந்த பக்கத்துக் கையில் கீறல் படாமல் கையுறை போட்டுக்கொண்டு இனி வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியும் போகாமல் இருந்தார். ‘கடல் பயம்’ என்று நோட்டில் எழுதினேன். அவர் சொல்லவில்லை, பாடத்தில் அப்படித்தான் இருந்தது.

பயத்துக்கு மூச்சுப் பயிற்சி. மூச்சை இழுத்து, நான் நாலு எண்ணும் வரை அடக்கச் சொன்னேன். ஏழு பேர் விட்டார்கள். அக்கா விடவில்லை. இருபதில் சிரித்தேன். நாற்பதில் கிட்டே போனேன். அறுபதைத் தாண்டியதும் தோளைப் பிடித்து உலுக்கினேன். நிதானமாகக் கண்ணைத் திறந்தார்.

“நாலு எண்ணுறதுக்குள்ள ஒரு கைப் பாசிகூட வராது டீச்சரு.”

முங்கிப் பிழைப்பவருக்கே மூச்சடக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எல்லோரும் சிரித்த சிரிப்பில்தான் அக்காவுக்கு வாய் திறந்தது. கடல் பயமெல்லாம் இல்லையாம். எடுத்த மார்புக்குப் பதிலாக ஜாக்கெட்டுக்குள் வைக்கும் பஞ்சு, தண்ணீரில் ஊறி வயிற்றுக்கு இறங்கிவிடுகிறதாம். வலை மிதவையை அறுத்து வைத்துக் கரையோரமாக முங்கிப் பார்த்தாராம். அது ஒரு பக்கத்தை மட்டும் மேலே தூக்கியதாம். ஊறாத, மிதக்காத ஒன்று உண்டா என்று என்னைக் கேட்டார். நான் ஸ்லைடுகளை முன்னும் பின்னும் தள்ளினேன்.

நயினார்கோவிலிலிருந்து வந்திருந்த விவசாயக்கார அக்கா திரும்பிப் பார்த்தார். “எதுக்கு வைக்கணும்கிறேன்? மீனா பாத்துச் சிரிக்கப் போகுது?”

“மீனு இல்ல. வள்ளத்துல கூட வர்றவளுக,” என்றார் பாம்பன் அக்கா, குனிந்தபடி.

நான் அடுத்த ஸ்லைடுக்குப் போனேன்.

அடுத்த மாதம் மதிப்பீட்டுப் படிவத்தோடு பாம்பன் போனேன். அக்கா வள்ளத்திலிருந்து இறங்கி வந்தார். கையில் உறை. நனைந்து ஒட்டிய சட்டையில் ஒரு பக்கம் தட்டை. கூட வந்தவர்கள் பாசி மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

மெதுவாகக் கேட்டேன், “பாத்தாங்களாக்கா?”

“பாத்தாளுக. முத நா பூரா பாத்தாளுக. அப்புறம் பாசியப் பாக்கணும்ல?”

பயிற்சியில் எது உதவியது என்பது கடைசிக் கேள்வி.

“அந்த நயினார்கோவில்காரி சொன்ன மீனுன்னு எழுது.”

படிவத்தில் மீனுக்குக் கட்டம் இல்லை. ‘மூச்சுப் பயிற்சி’யில் டிக் போட்டேன். அலுவலகத்தில் பாராட்டினார்கள்.