கருவாட்டு மணலில் ஏறிய எண்ணிக்கை

அணு உலைகளுக்குப் பக்கத்தில் எதிர்நியூட்ரினோ என்னும் துகளைப் பிடித்து எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையை வரைந்த வரைபடத்தில் ஓரிடத்தில் கணக்குக்குள் அடங்காத ஒரு மேடு தெரிகிறதாம். கருவியின் ஆற்றல் அளவைச் சரிபார்த்ததில் பிசகா, இயற்கையிலேயே ஏதாவது புதுசா என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் பரிதாபம் உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நானும் அப்படி ஒரு மேட்டைக் கண்டுபிடித்தவன்.

அப்போது சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரை மணலில் தோரியம் தேடும் சர்வேயில் எனக்குத் தற்காலிக வேலை. காதில் ஹெட்போன், கையில் கைகர் கருவி. கதிர்வீச்சு பட்டால் டிக் டிக்கென்று எண்ணும். தினமும் காலையில் அளவு தெரிந்த கதிர்வீச்சுத் துண்டு ஒன்றை எதிரே வைத்துக் கருவியைச் சரிபார்த்த பிறகுதான் காபியே குடிப்பேன். இந்தப் பெருமையை, கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

குப்பத்தின் தெற்குக் கோடியில் ஒரு மீனவப் பெண் நெத்திலி காயவைக்கும் இடம் இருந்தது. அங்கே மட்டும் எண்ணிக்கை மற்ற இடங்களைப்போல் இரண்டு பங்கு. மூன்று நாள் அளந்தேன், மூன்று நாளும் அதேதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. சுற்றிலும் சிவப்புக் கொடிக் குச்சிகளை நட்டு, மேலதிகாரிக்கு நாலு பக்கம் எழுதிப் போட்டுவிட்டு, வேலை நிரந்தரமாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன். மறு உத்தரவு வரும்வரை இங்கே மீன் காயவைக்கக் கூடாது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். உத்தரவு போடும் குரல் அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலில் வந்தது.

நெத்திலி அள்ளிக் கொட்டும் பருவம் அது. வேறு இடமில்லாமல் அவளுடைய கூடைகள் நிழலில் கிடந்து அழுக ஆரம்பித்தன. தினமும் வந்து கேட்பாள். தினமும் நான் விஞ்ஞானம் பேசுவேன். ஐந்தாம் நாள், மறுபடி அளந்து அனுப்பும்படி மேலதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. அளக்கப் போனேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னா சாமி, எல்லா எடத்துலயும் அத்த மண்ணு மேல வெச்சே. என் எடத்துல மட்டும் பொட்டி மேல வெச்சிகினு கீறே?"

உண்மைதான். நான் சுத்த சைவம். கருவாட்டு மணலில் கருவியை வைக்க மனம் வராமல், என் தகரப் பெட்டியைக் கீழே போட்டு அதன்மேல் வைத்திருந்தேன். ஈரம் படக் கூடாது என்று முணுமுணுத்தேன். மணல் சுட்டுப் பொசுக்கிக்கொண்டிருந்தது.

"பொட்டிய எட்துட்டு வெச்சிப் பாரேன்."

மூக்கைப் பிடித்துக்கொண்டு மணலில் வைத்தேன். எண்ணிக்கை மற்ற இடங்களின் அளவுக்கு இறங்கியது. பெட்டிமேல் வைத்தேன், ஏறியது. திறந்து பார்த்தால், கூடாரத்துக் காஸ் லைட்டுக்கு வாங்கிய புது மேன்டில்கள் ஒரு டஜன். அந்த வலைகளைத் தோரியத்தில் தோய்த்துத்தான் செய்கிறார்கள் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்.

அதற்குள் அவளுடைய நெத்திலி பாதிக்குமேல் எருவுக்குப் போயிருந்தது. வெட்கமாக இருந்தது. "மண்ணில் ஒன்றும் இல்லையம்மா, தப்பு என் பெட்டியில்" என்றேன். பெட்டியை ஏன் போட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒரு கொடிக் குச்சியைப் பிடுங்கக் குனிந்தேன்.

"வுடு சாமி, கை நாறிப்பூடும்" என்றாள். "நானே புடுங்கிக்கிறேன்."