ஞாயிற்றுக்கிழமைகளில் மழை பெய்யாத தோட்டம்

1. நூற்று நாற்பத்தாறு

அந்தப் புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து ஒபிஸ் திரையில் இருந்த எண் 146. கடந்த இருபத்துநான்கு மணித்தியாலத்தில் பெய்த மழை, மில்லிமீட்டரில். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை வட்டம். 190 ஆனால் அந்த வட்டம் சிவப்பாகும். ஏழாம் நம்பர் லயத்துக்கு மேலே கம்பத்தில் கட்டியிருக்கும் சங்கு தானாக ஊதும். ஊதினால் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் பன்னிரண்டு காம்பரா வீடுகளிலும் உள்ளவர்கள் எழுந்து மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

என் மேசைக்கு முன்னால் பாக்கியம் நின்றார். ஏழாம் நம்பர் லயத்தில் நாலாவது காம்பரா. கொழுந்தெடுப்பவர். மழைக்குக் கட்டியிருந்த படங்கிலிருந்து தண்ணீர், ஆள்வரவு பதியும் என் பெரட்டுப் புத்தகத்தில் சொட்டியது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஐயா, லயத்துக்குப் பின்னால வடிகான்ல தண்ணி வர்றது நின்னு போச்சுங்க."

"இப்படிக் கொட்டுது. கான்ல தண்ணி எப்படிம்மா நிக்கும்?"

"அதத்தாங்க நானும் கேக்கிறேன். காலையில மொழங்கால் அளவு ஓடிச்சு. இப்ப சேறுதான் கெடக்கு. பெய்யிற தண்ணி எங்கங்க போகுது?"

நான் திரையைப் பார்த்தேன். அவரும் மேசையைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்.

"மழைப் பெட்டி என்னாங்க சொல்லுது?"

"பச்சை. இன்னும் நாப்பத்துநாலு இருக்கு."

"அப்ப நாங்க இருக்கலாங்களா?"

"போம்மா. சங்கு ஊதினா ஏறுங்க."

இரண்டு மணி நாற்பதுக்கு லயத்துக்குப் பின்னால் இருந்த மலைச்சரிவு இறங்கியது. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது காம்பராக்கள் போயின. மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் பாக்கியம் ஒருவர். அந்த நேரம் திரையில் 163. வட்டம் பச்சை. சங்கு ஊதவில்லை.

2. பெட்டி வந்த கதை

நான் அந்தத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தேன். கடைசிப் பதினெட்டு வருடம் பெரிய கிளாக்கர். பெரட்டுப் பதிவு, கொழுந்து நிறை, உரம், மழை எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கும். எண்ணாமல் எனக்கு இருக்க முடியாது. ஒபிஸிலிருந்து மழைமானிக்கு 212 அடி. மழைமானியிலிருந்து ஏழாம் நம்பர் லயத்துக்கு 740 அடி. ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸில் நான் எண்ணிய வளைவுகளையும் சொல்வேன், யாரும் கேட்பதில்லை.

இன்னொரு பைத்தியமும் உண்டு. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே விண்கலங்கள் பற்றிய செய்திகளை வெட்டி ஒட்டி வருகிறேன். இப்போது ஏழு கொப்பி. ஹட்டன் தேநீர்க் கடையில் இதற்காக என்னைத் திட்டாதவர் இல்லை. "லயத்துக் கூரை ஒழுகுது, ஒங்களுக்குச் சந்திரன்ல என்னா வேல?" என்பார்கள். சந்திரனுக்குப் போகத் தெரிந்தவன் செய்த கருவிதான் நமக்கு மழை வருவதையும் சொல்கிறது என்று நான் பதில் சொல்வேன். அந்தக் கருத்தை இன்றும் மாற்றவில்லை. மாற்றியவை வேறு.

அதனால் கொழும்புக் கம்பனி ஒன்று தானியங்கி மழைமானியைக் கொண்டுவந்து பொருத்தியபோது, தோட்டத்திலேயே அதிகம் சந்தோஷப்பட்டவன் நான்தான். எங்கள் பள்ளத்தாக்கில் போன் சிக்னல் கிடையாது. ஆகவே பெட்டி தன் எண்ணை வானத்தில் சுற்றும் செய்மதிக்கு அனுப்பும். செய்மதி கொழும்புக்கு அனுப்பும். கொழும்பிலுள்ள மென்பொருள் கணக்குப் பார்த்து, மறுபடி செய்மதி வழியாக எங்கள் ஒபிஸுக்கு நிறத்தைச் சொல்லும். கம்பத்தைச் சுற்றிக் கூடியவர்களுக்கு இதை நான்தான் விளக்கினேன். பாக்கியம் கொழுந்துக் கூடையோடு நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நம்ம லயத்துலருந்து ஒபிசுக்கு வர்ற சேதி, வானத்துக்குப் போய்ட்டுங்களா வருது? நடந்து வந்தா பத்து நிமிசந்தானேங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. 952 அடி என்று திருத்தினேன்.

பெட்டியைப் பொருத்திய எஞ்சினியர் பிரதீபன். வேலை கொழும்பில், தாயின் ஊர் தலவாக்கலை. முப்பது வயதுக்குள் இருப்பார். பழைய மழைப் புத்தகங்களைக் கேட்டார். இந்த மலை எவ்வளவு மழையைத் தாங்கியிருக்கிறது, எப்போது சரிந்திருக்கிறது என்பதை மென்பொருள் அதிலிருந்து படித்துக்கொள்ளுமாம். முப்பத்தொரு புத்தகத்தையும் தூசு தட்டி அடுக்கிக் கொடுத்தேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"அங்கிள், ஞாயித்துக்கெழமையெல்லாம் பூச்சியமா இருக்கே?"

நான் வாயைத் திறப்பதற்குள், மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு முந்திக்கொண்டார். "நம்ம தோட்டத்துல ஞாயித்துக்கெழம மழைக்கும் லீவு தம்பி!"

ஒபிஸே சிரித்தது. பிரதீபன் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர், "எழுத்து அச்சு மாதிரி இருக்கு அங்கிள்" என்றார். அந்தப் புகழ்ச்சியில் நான் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. மறந்தேன் என்று எழுதினால் எனக்குச் சுலபம். மறக்கவில்லை. பெரிய விஷயமாக நினைக்கவில்லை.

3. பூட்டிய பெட்டி

சரிவுக்கு ஒன்பது நாள் கழித்துப் பிரதீபன் வந்தார். பெட்டியைக் கழற்றிச் சோதித்தார். ஒரு போத்தல் தண்ணீரை அளந்து ஊற்றிப் பார்த்தார். பிழை இல்லை. செய்மதித் தொடர்பிலும் பிழை இல்லை. 163 என்பது உண்மையிலேயே பெய்த மழை.

"அப்ப 190 எங்கிருந்து வந்துச்சி? அந்தக் கணக்கக் காட்டுங்க" என்றேன்.

"அது கம்பனி மென்பொருள் அங்கிள். எனக்கே முழுசாத் தெறந்து காட்டமாட்டாங்க."

"மூணு பேர் செத்திருக்காங்க."

"தெரியும் அங்கிள். நானும் அன்னையிலருந்து ஒழுங்கா சாப்பிடல்ல."

நான் விடவில்லை. மென்பொருளைப் பற்றி என் கருத்து அப்போதும் இப்போதும் ஒன்றுதான். ஒரு தராசை ஒபிஸில் வைத்தால் அதன் தட்டையும் முள்ளையும் கொழுந்தெடுப்பவர் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் கத்தலாம். உயிரை நிறுக்கும் தராசின் முள்ளை மட்டும் ஏன் மூடிவைக்க வேண்டும்? காப்புரிமை என்று சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் பூட்டிவிடுகிறீர்கள் என்று அவரைத் திட்டினேன். சத்தமாகவே திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு தாளில் நீளமான எண் ஒன்றை எழுதித் தந்தார்.

"பேட்டண்ட்னா பூட்டு இல்ல அங்கிள். பேட்டண்ட் எடுக்கணும்னா முறைய எழுதிக் குடுக்கணும். உலகத்துல யாரும் வாசிக்கலாம். மென்பொருளத்தான் பூட்டி வச்சிருக்காங்க. இத வாசிங்க."

அறுபது வயதை எட்டிப்பிடிக்கும் நேரத்தில் இது எனக்குத் தெரியாமல் இருந்தது. ஏழு கொப்பி விஞ்ஞானம் ஒட்டியவனுக்கு!

ஹட்டனுக்குப் போய் அந்தப் பத்திரத்தை அச்செடுத்தேன். இருபத்துமூன்று பக்கம், ஆங்கிலம். அகராதியோடு நாலு நாள் வாசித்தேன். பதினான்காம் பக்கத்தில் அந்த வாக்கியம் இருந்தது. அதன் பொருள் இது: பழைய பதிவுகளில், ஒரே நாளில் பெய்து, சரிவு எதுவும் ஏற்படாத மழைகளில் மிகப் பெரியதை எடு, அதில் பத்தில் ஒன்பது பங்கை எல்லையாக வை.

190 எந்த எண்ணின் பத்தில் ஒன்பது பங்கு என்று பார்க்க எனக்குப் பேனை தேவைப்படவில்லை. 212. ஒபிஸிலிருந்து மழைமானிக்கு இருக்கும் அதே அடி என்பதால் அது மறக்கவில்லை. ஒரு தீபாவளிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, சிவப்பு மையில், என் கையெழுத்தில்.

4. திங்கட்கிழமைகள்

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மழைமானியைத் தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளந்து, கொட்டிவிட்டு, எண்ணை எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒபிஸ் பூட்டு. யாரும் போவதில்லை. திங்கள் காலை போனால் இரண்டு நாள் தண்ணீர் சேர்ந்திருக்கும். அதை அப்படியே திங்கட்கிழமை மழையாக எழுதுவோம். ஞாயிற்றுக் கட்டம் வெறுமையாக இருந்தால் கொழும்புத் தலைமை ஒபிஸ் கடிதம் போட்டு விளக்கம் கேட்கும். ஆகவே அதில் பூச்சியம். எனக்கு முன்னிருந்தவரும் அப்படித்தான் எழுதினார். மாத மொத்தம் சரியாக வரும். தேயிலைக்கு அது போதும்.

அந்தத் தீபாவளி திங்களில் வந்தது. சனிக்குப் பிறகு செவ்வாய்தான் நான் மழைமானியிடம் போனேன். போத்தல் நிரம்பி வெளித் தகரத்திலும் தண்ணீர் நின்றது. மூன்று முறை அளந்தேன். 212. தோட்டத்திலேயே பெரிய மழை என்று பெருமையோடு சிவப்பு மையில் எழுதினேன். அது மூன்று நாள் மழை. ஒரு நாளைக்குச் சராசரி எழுபத்தொன்றுகூட வராத மழையை, மலை ஒரே நாளில் 212 தாங்கியது என்று மென்பொருளுக்குச் சொன்னவன் நான்.

புத்தகங்களை மறுபடி விரித்தேன். மிகப் பெரிய மழை நாட்கள் நாற்பதைத் தேர்ந்தெடுத்துக் கிழமை பார்த்தேன். இருபத்தொன்பது திங்கட்கிழமை. ஆறு, பண்டிகைக்கு மறுநாள். மற்றவை ஐந்து. பிறகு ஞாயிறுகளை எண்ணினேன். ஆயிரத்து அறுநூற்றுப் பதினேழு. ஒன்றில்கூட ஒரு சொட்டு மழை இல்லை. எல்லாவற்றையும் எண்ணிய நான் இதை ஒருநாளும் எண்ணவில்லை.

தோட்ட மனேஜரான துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். "கிளாக்கர், பென்ஷன் வயசுல ஏன் இதெல்லாம்? பெட்டி அவங்களோடது. எல்லைய வச்சது அவங்க. விசாரணையில அத மட்டும் சொல்லுங்க."

அவர் சொன்னது பொய்யும் இல்லை. கேட்க நன்றாகவும் இருந்தது. அன்று முழுவதும் அதை மனதில் வைத்து உருட்டினேன். ஆனால் பத்திரத்தை வாசித்த பிறகு இன்னொரு கேள்வி இருந்தது. மறுநாள் தலவாக்கலைக்குப் போய்ப் பிரதீபனுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மத்தத் தோட்டப் புத்தகங்கள பாருங்க தம்பி" என்றேன்.

மூன்று நாளில் ஒபிஸுக்கு அவருடைய கடிதம் வந்தது. பெட்டி வைத்த பதினொரு தோட்டத்திலும் ஞாயிறு பூச்சியம். அன்றே எல்லா எல்லைகளையும் குறைத்துவிட்டதாக எழுதியிருந்தார். எங்களுடையது 190இலிருந்து 80. விசாரணையில் நான் புத்தகத்தை விரித்து, நடந்ததைச் சொன்னேன். யாரும் என்னைத் தண்டிக்கவில்லை. கையொப்பம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

5. செல்லையா கேட்டது

பாக்கியத்தின் கணவர் செல்லையா. பெக்டரியில் கொழுந்து வாட்டும் தட்டில் வேலை. சரிவு நேரத்தில் அங்கேதான் இருந்தார். அவரிடம் சொல்ல எனக்கு ஏழு வாரம் எடுத்தது. பள்ளிக்கூடத்தில் தகரத்தால் பிரித்துக் கொடுத்த இடத்தில் இருந்தார். ஞாயிறு, பூச்சியம், தீபாவளி எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒபிசுல பச்சையின்னாங்கன்னு சொல்லிட்டு வந்து அரிசிக்கு ஒலை வச்சாளாம். பக்கத்துக் காம்பராவுல சொன்னாங்க" என்றார்.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கிறேன். கான்ல தண்ணி நின்னுச்சின்னு ஒங்ககிட்டதானேங்க வந்து சொன்னா? அத எந்தக் கட்டத்துல எழுதுனீங்க?"

மழைப் புத்தகத்தில் நாலு கட்டம் உண்டு. தேதி, மழை, வெயில், கையொப்பம். ஓடவேண்டிய தண்ணீர் மலைக்குள் இறங்குகிறது என்ற எச்சரிக்கை அது; அதற்குக் கட்டம் இல்லை. பெட்டியிலும் இல்லை. இருபத்துமூன்று பக்கத்திலும் இல்லை.

என் மேசைக்குப் பின்னால், சுவரில், தொலைதூரக் கோள் ஒன்றின் படம் ஒட்டியிருந்தேன். நடுவே இரண்டு கறுப்புப் பட்டை ஓடும். அந்த இடத்துத் தகவல் பூமிக்கு வந்து சேரவில்லை. விண்கலத்தை அனுப்பியவர்கள் அதைக் கற்பனையால் நிரப்பாமல், கறுப்பாகவே விட்டு அச்சிட்டார்கள். எவ்வளவு நேர்மை என்று ஒபிஸுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவேன். அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் ஞாயிறுகளுக்குப் பூச்சியம் போட்டேன்.

இப்போது ஒபிஸ்களில் கணினி முன் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பார்க்காத நாளுக்குப் பூச்சியம் போடாதீர்கள், வெறுமையாக விடுங்கள். மேலிடம் கடிதம் போட்டால் போடட்டும். கட்டம் இல்லாத ஒன்றை யாராவது நனைந்துகொண்டு வந்து சொன்னால், திரையைப் பார்க்குமுன் எழுந்துபோய் அந்த இடத்தைப் பாருங்கள். எனக்கு அது 952 அடி.

ஓய்வு பெறுவதற்கு முதல் நாள் அந்தப் புதன்கிழமைப் பக்கத்தைத் திறந்து, ஓரத்தில், எழுதும் நாளின் தேதியிட்டு, கட்டமில்லாத இடத்தில் எழுதினேன்: "பகல் 12.10. ஏழாம் நம்பர் லயத்துக்குப் பின்னால் கானில் தண்ணீர் நின்றுவிட்டது. சொன்னவர் பாக்கியம். போய்ப் பார்க்கவில்லை." கீழே கையொப்பம் வைத்தேன்.