வியாபாரி வீட்டு வாசலில் நான் போட்ட எல்லைக்கோடு

எங்கள் அப்பாவின் திராட்சையை மழையில் வெடிக்கவிட்டவரை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. புதன்கிழமை வெட்ட வருகிறேன் என்று வாக்குக் கொடுத்த வியாபாரி சனிக்கிழமை வந்தார். இடையில் இரண்டு நாள் மழை. பன்னீர்த் திராட்சையெல்லாம் கொடியிலேயே வெடித்து ஈ மொய்த்துவிட்டது. ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்தவர், "ஆட்டுக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியேறிவிட்டார். அப்பா கூடையை எடுத்துக்கொண்டு திராட்சைப் பந்தலுக்குள் போனார். நான் அவரைக் கிழிகிழியென்று கிழித்தேன், மனசுக்குள்.

அடிதடிக்கு நான் லாயக்கில்லை. சேவல் துரத்தினால் பந்தல் கல்லில் ஏறிவிடுகிற ஆள். ஆனால் சில வருஷம் கழித்து, தேனியில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததும் கையில் ஆயுதம் கிடைத்தது.

பத்து இருபது டவர்களைச் சேர்த்து ஒரு வட்டாரமாகப் பிரிப்போம். வட்டாரம் மாறினால், "இங்கன வந்துட்டேன்" என்று போன் தானாகவே எக்ஸ்சேஞ்சுக்குத் தகவல் சொல்லும். அழைப்பு வந்தால் எக்ஸ்சேஞ்ச் அந்த வட்டாரத்துக்குள் மட்டும் தேடும். அதனால் எல்லையை ஆள் நடமாட்டமில்லாத ஆற்றிலோ கரட்டிலோ போடணும். ஊருக்குள் போட்டால் போன் இங்கிட்டும் அங்கிட்டும் தாவித் தாவித் தகவல் சொல்லிக்கொண்டே கிடக்கும். அந்த நேரம் வருகிற அழைப்பு போய்ச் சேராது.

கோடு போட்டுக் கொடுக்கிற வேலை என்னுடையது; மதுரை ஆபீசில் அதை அப்படியே ஏற்றுவார்கள். உத்தமபாளையத்தில் வியாபாரி வீட்டுக்கு இரண்டு டவரிலிருந்தும் ஒரே அளவு சிக்னல். அவற்றை வேறுவேறு வட்டாரத்தில் போட்டு, கோட்டை அவர் வாசல் வழியாக இழுத்தேன். தாவுவதற்கு முன் போனைக் கொஞ்சம் தயங்கவைக்கிற அளவு ஒன்று உண்டு, அதையும் பூஜ்யமாக்கினேன்.

ஒரு வாரம் கழித்து அந்தத் தெரு வழியாகச் சும்மா பைக்கில் போனேன். மனுஷன் மொட்டைமாடியில் நின்று போனை ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மேனேஜர்தான் சந்தேகப்பட்டார். "என்னய்யா இது, உத்தமபாளையத்துல பேசுற சேனல் காலியாக் கெடக்கு, தகவல் சேனல் மட்டும் நெரியுது?"

"அந்தத் தெருக்காரங்க ரொம்ப நடக்குறாங்க சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் விரலால் மேசையைத் துடைத்தேன்.

மறுநாள் மத்தியானம் அப்பா கூப்பிட்டார்.

"ஏலே, உங்க டவர் என்ன எழவுக்கு நிக்குது? நாலு நாளா வியாபாரிக்குப் போடுறேன், தொடர்பு எல்லைக்கு வெளியேங்குது. பழம் பக்குவமா நிக்குது. மலை கறுத்துக்கிட்டு வருது."

"எந்த வியாபாரிப்பா?"

"எல்லாம் நம்ம வியாபாரிதான்."

பழத்தை ஆட்டுக்குப் போடச் சொன்ன அதே ஆள். எங்கள் பக்கம் ஒரு தோட்டம் ஒருவர் கைக்குப் போய்விட்டால் லேசில் கை மாற்ற மாட்டார்கள். மாற்றினால் இருபது வருஷப் பழக்கத்தை அறுத்தவன் என்று பேர் வரும். பழம் வெடித்த அடுத்த வருஷமே அப்பா பழையபடி அவருக்கே கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். நான் குதிப்பேன் என்று என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

"இனி வேற ஆளத் தேட முடியாதுடா. நேர்ல போயிச் சொல்லு."

கோட்டை மாற்றச் சொல்லி மதுரை ஆபீசுக்கு எழுதினால் இரண்டு நாளாகும். மேகம் அதுவரை பொறுக்காது. பைக்கை எடுத்தேன். வழியெல்லாம் அவரைத் திட்டினேன். சின்னமனூர் தாண்டியதும் என்னைத் திட்டினேன்.

வியாபாரி வாசலில் போனைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தார். நான் கை கட்டித்தான் நின்றேன்.

"அப்பா சொல்லிவிட்டாக. பழம் பக்குவமாயிருச்சு. நாளைக்கு வெட்ட வர முடியுமா?"

"அடடா, உங்க தோட்டத்த எப்படி விடுவேன் தம்பி? மூணு பேட்டரி மாத்திட்டேன், ஒரு போன் வரல. நீங்க அந்தக் கம்பெனியிலதான இருக்கீக?"

"பாக்குறேங்க."

மறுநாள் விடியவே ஆட்களோடு வந்துவிட்டார். கடைசிப் பெட்டி வண்டியேறியபோது முதல் தூறல் விழுந்தது. அவருடைய ஆட்கள் சுமக்க வேண்டிய பெட்டிகளில் பாதியை நான் சுமந்தேன். அவர் நிழலில் நின்று, "பாத்து, பாத்து" என்றார்.

மதுரைக்கு எழுதி எல்லைக்கோட்டை ஆற்றுக்கே மாற்றிவிட்டேன். அன்றைக்கு வண்டியேறுமுன் அவர் என் நம்பரை வாங்கிக்கொண்டார். அதன்பிறகு சிக்னலில் ஒரு கட்டை குறைந்தாலும் எனக்குத்தான் போன். பழிவாங்கியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலேயே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.